விங்கிற்குச் சொன்ன குட் மோர்னிங்

“தோல் சிரிக்குது, தசை சிரிக்கேல்லை.” கன்ரனீஸ் மொழியில் ‘பெய் சியு, யுக் பாட் சியு’ என்பார்கள். லண்டனில், குரோய்டன் பார்மசி ஒன்றில் நான் மருந்து எடுத்துக் கொடுத்த காலத்தில், ஹொங்கொங்கிலிருந்து வந்த விங் சொல்லித் தந்தது. எங்கள் முதலாளி குகன் கஸ்டமர்களைப் பார்த்துப் பல்லிளிக்கும்போதெல்லாம் நாங்கள் இருவரும் இதை முணுமுணுத்துச் சிரிப்போம்.

ஒரு திங்கட்கிழமை பிரஷர் குளிசை மாறிப் போய்விட்டது. ஐந்து மில்லிகிராமுக்குப் பதிலாகப் பத்து. எடுத்தது விங். வாங்கிய அம்மா விழுங்குமுன் கண்டுபிடித்தார், தப்பினோம். ஆனால் கம்ப்ளெயின்ட் எழுதிவிட்டார்.

ஒருவர் எடுத்த மருந்தை இன்னொருவர் செக் பண்ணிய பிறகே கொடுக்கலாம். அன்று கியூ வாசல்வரை நின்றது. “செக்குக்கு நிற்காதே, கொடுத்துவிடு” என்று குகன் விங்கிடம் ஆங்கிலத்தில் சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

மறுநாள் பின்னேரம் குகன் என்னை அறைக்குள் கூப்பிட்டார்.

“இருங்கோ அண்ணை. தேத்தண்ணி குடிக்கிறீங்களோ? நான் அப்பிடிச் சொன்னதா உங்களுக்கு ஞாபகம் இல்லைத்தானே? அதை மட்டும் எழுதித் தாங்கோ. நீங்கள் எங்கட ஆள்.”

முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு ஐம்பத்தெட்டு வயது. இனி யார் வேலை தருவார்? ‘ஞாபகம் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வெட்கங்கெட்ட வேலைதான்.

அடுத்த நாள் பத்து மணிக்கு அந்தக் கம்ப்ளெயின்ட் பற்றி மீட்டிங். விங்கின் வேலை அதோடு போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரியும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குச் சிரிப்புத்தான் கூடிப்போனது. காலையில் கடைக்குள் நுழைந்ததும் “குட் மோர்னிங் விங்!” என்றேன்.

நான் அறைக்குள் போனதை முதல் நாள் கண்டவள் அவள். என் முகத்தையே பார்த்தாள்.

“பெய் சியு, யுக் பாட் சியு.”

இந்த முறை முணுமுணுக்கவில்லை. குகன் கடைக்கு இன்னும் வந்திருக்கவில்லை.

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்க, குகனின் அறைக் கதவைத் தட்டினேன்.

“குகன், அந்தப் பேப்பரைத் தாங்கோ. எனக்கு ஞாபகம் வந்திட்டுது.”

“அண்ணை, யோசிச்சுத்தான் கதைக்கிறீங்களோ?” சிரிப்பைக் காணவில்லை.

“ஓம். நீங்கள் சொன்னதைக் கேட்டனான். அதைத்தான் எழுதப்போறன்.”

விங்கிற்கு ஒரு வோர்னிங்கோடு வேலை மிஞ்சியது. என் ஷிப்ட் வாரத்துக்கு இரண்டு நாளாகச் சுருங்கியது. கோபம் வந்தது, எழுதியதை மாற்ற நினைக்கவில்லை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஸ்டேட்மென்ட் கேட்டால் கண்டதை, கேட்டதை அப்படியே எழுதுங்கள். அடுத்த நாள் காலையில் அதில் மாட்டுப்பட்ட ஆளுக்கு குட் மோர்னிங் சொல்ல வேண்டியிருக்கும்.