சலவைக் கூடத்துக்கு ஒரு புரோக்கர்

அந்தச் சலவை நிறுவனத்தில் மானிட்டர் இருண்டாலும் அவள்தான் ஓட வேண்டும், பிரிண்டர் தாளை மென்றாலும் அவள்தான். எல்லோருக்கும் அவள் 'கம்ப்யூட்டர் அக்கா'. அவளைவிட வயதில் மூத்த இஸ்திரி மாஸ்டருக்கும் அக்காதான். கவுண்டரில் துணி வாங்கத்தான் முதலில் வேலைக்குச் சேர்ந்தாள். ரசீது எழுதிக் கை வலிக்கிறதென்று தானே ஒரு சின்னச் செயலி எழுதினாள். அதன் பிறகு முதலாளியம்மா அவளைத் துணிப் பக்கமே விடவில்லை.

போகப் போகச் செயலிகள் பெருகின. கவுண்டருக்கு ஒன்று, சலவைக்கு ஒன்று, இஸ்திரிக்கு ஒன்று, வேனுக்கு ஒன்று. ஒரு துணி பதிவானால் கவுண்டர் செயலி மற்ற மூன்றையும் தனித்தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியாக வேண்டும். ஏதாவது ஒன்று பதில் தராவிட்டால் கவுண்டர் அப்படியே உறைந்துவிடும். வாடிக்கையாளர்கள் மூட்டையும் கையுமாக வாசல்வரை நிற்பார்கள். "அக்கா..." என்று கவுண்டர் பெண் இழுக்கும் குரல் மாடியில் இருக்கும் அவளுக்குக் கேட்கும்.

பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் முதலாளியம்மாவிடம் போனாள்.

"நடுவுல ஒரு மெசேஜ் புரோக்கர் வெச்சிடலாம்மா."

"புரோக்கரா? கமிஷன் கேப்பாரா?"

"கேக்காதும்மா, அது மென்பொருள். கவுண்டர் 'துணி வந்தது'ன்னு அதுகிட்ட ஒரு தடவை சொல்லிட்டு அடுத்த ஆளைப் பாக்கும். அந்தச் சேதி வேணுங்கிற செயலியெல்லாம் முன்னாடியே சந்தாதாரரா பேர் குடுத்திருக்கும். புரோக்கர் ஆளுக்கொரு நகல் அனுப்பிடும்."

"வேன் செயலி தூங்கிட்டா?"

"அதோட நகல் மட்டும் காத்திருக்கும். மத்த வேலை நடக்கும்."

முதலாளியம்மா பேனாவை மூடினார். "அப்ப வெச்சிடு."

சோப்புத்தூள் மூட்டைகள் அடுக்கிய அறையில் சும்மா கிடந்த கணினியில் புரோக்கரை நிறுவினாள். சேதிகளைப் பிரிக்க 'துணி வந்தது', 'துணி தயார்' என்று இரண்டு தலைப்புகள் வைத்தாள். சோதனைக்கு இஸ்திரிச் செயலியை அணைத்துவிட்டு, சில சேதிகளை அனுப்பி, மறுபடி திறந்தாள். திரை வெறிச்சென்று இருந்தது. ஒரு சேதிகூட வரவில்லை.

மூட்டை மேலேயே உட்கார்ந்து, சாப்பிட்டபடி கையேட்டைப் புரட்டினாள். அவள் கொடுத்திருந்தது சாதாரணச் சந்தா. விழித்திருப்பவர்களுக்கு மட்டுமே அதில் சேதி போகும். ஆள் இல்லாதபோதும் சேர்த்து வைக்கிற நிலையான சந்தா என்று வேறொன்று இருந்தது. அதற்கு மாற்றிவிட்டு மறுபடி அணைத்தாள், அனுப்பினாள், திறந்தாள். சேதிகள் வரிசையாக வந்து விழுந்தன. சந்தோஷத்தில் மூட்டையை ஓங்கித் தட்ட, தூள் பறந்தது. தும்மிக்கொண்டே கீழே ஓடி எல்லோரிடமும் சொன்னாள்.

புரோக்கர் நிஜமாக வேலைக்கு வந்த அன்று கவுண்டரில் வரிசை மளமளவென்று நகர்ந்தது. இஸ்திரி அறையில் மட்டும் திரை அணைந்திருந்தது. கணினியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாஸ்டர் மின்விசிறியைச் செருகியிருந்தார்.

"வேர்த்துக் கொட்டுதுக்கா, என்ன பண்றது?"

அவள் பிளக்கை மாற்றிச் செருகினாள். காலையிலிருந்து வந்த துணியெல்லாம் திரையில் இறங்கத் தொடங்கியது. "யம்மாடி, இதெல்லாம் இவ்வளவு நேரம் எங்க இருந்துச்சு?" என்று மாஸ்டர் வாயைப் பிளந்தார்.

துணி தயாரானதும் வாடிக்கையாளருக்குக் குறுஞ்செய்தி போக வேண்டும் என்று முதலாளியம்மா அடுத்து ஆசைப்பட்டார். முன்பென்றால் எல்லாச் செயலியையும் பிரித்துப் போட வேண்டியிருக்கும். இப்போது புதிதாக ஒன்றை எழுதி, 'துணி தயார்' தலைப்புக்குச் சந்தாதாரர் ஆக்கினாள். அவ்வளவுதான். கவுண்டர் செயலியில் ஒரு வரிகூடத் தொடவில்லை.

முதல் குறுஞ்செய்தி அவள் கைபேசிக்கே வந்தது. 'உங்கள் கம்பளிச் சால்வை தயார்.'

அவள் எதையும் போடவில்லையே! ஏதோ பிழை என்று பதறிக் கவுண்டருக்கு ஓடினாள். கவுண்டர் பெண் சிரிப்பை அடக்கினாள். "மாமா குடுத்தாருக்கா. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாரு. நம்பர் கேட்டப்ப பழக்கதோஷத்துல உங்களுதையே சொல்லிட்டாரு."

உடனே கணவனை அழைத்தாள்.

"என்னங்க, என் சால்வை இங்க வந்திருக்கு?"

"அதுல மை கொட்டிட்டேன்மா. நீ பாக்கறதுக்குள்ள..."

"வேற சலவைக்கடையே கிடைக்கலையா உங்களுக்கு?"

"உங்க கடை மாதிரி வராதுன்னு நீதானே சொல்லுவ?"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கவுண்டர் மேல் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். வரிசையில் நின்றவர்களுக்கும் அது தொற்றிக்கொண்டது. சால்வையை விரித்து விளக்கில் பிடித்துப் பார்த்தாள். மை இருந்த சுவடே இல்லை. அதைப் போர்த்திக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள்.