முதல் கோப்பை

எழுபத்தைந்து வாக்கில் பாலக்காட்டுப் பக்கம் பெருமாட்டியில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்கு இருந்தேன். கள் இறக்கும் மரமேறி ஒருவர் நரம்புவலி மாத்திரைக்கு வருவார். பேசினாலே வலது கன்னத்தில் மின்னல் வெட்டுமாம். காற்றுகூடப் படாமல் துண்டால் மூடியிருப்பார். "இதோட கள்ளு ஆகாதுங்க, தலை சுத்தும்" என்றேன். தலையாட்டினார்.

ஆனால் இறக்கியவர் முதல் கோப்பையைக் குடித்துக் காட்டினால்தான் கள்ளுக்கடையில் மற்றவர்கள் தொடுவார்கள். ஒரு நாள் நான் அவ்வழியே போனபோது அவர் கோப்பையோடு தயங்கி நின்றார்.

"ஏப்பா, உன் கள்ள நீயே குடிக்க மாட்டயா? என்னத்தக் கலந்த?" என்று ஒருவர் சீண்டினார்.

நான் பாய்ந்து உள்ளே போனேன். "கள்ளுல ஒண்ணுமில்லீங்க! இவரு சாப்பிடற மாத்திரைக்குத்தான் ஆகாது, தலை சுத்தும்." அவரைக் காப்பாற்றிவிட்ட பெருமை எனக்கு.

"தலை சுத்தறவன எப்படிய்யா மரமேத்தறது?" என்றார் அங்கே உட்கார்ந்திருந்த தோப்புக்காரர்.

மறுநாள் வேறு ஆள் ஏறினான். அடுத்த மாதம் மரமேறி மாத்திரைக்கு வந்தபோது துண்டு தோளில் கிடந்தது.

"வலி கொறஞ்சுதுங்களா?" என்றேன்.

"கொறஞ்சிருச்சுங்க தம்பி. பேசுனாத்தான வலிக்கும்? இப்பப் பேசறதுக்கு ஆருமில்லீங்களே."

குத்திக்காட்டவில்லை. சிரித்தபடிதான் சொன்னார். அந்தச் சிரிப்பை என்ன செய்வதென்று எனக்கு இன்றும் தெரியவில்லை.