நாடி பிடித்த துரையும் நடுவில் நின்ற நானும்

இரண்டு பக்கமும் திட்டு வாங்கத் தெரிந்தவனுக்குத்தான் துபாஷி வேலை சரிப்படும். அந்த அவஸ்தைப் பட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். இலங்கையில் நமுனுகுலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த டாக்டர் துரைக்குத் தமிழ் ஒரு சொல் வராது. நோயாளி சொல்வதை இங்கிலீஷில் சொல்ல ஆள் தேடி, பதுளையில் மாமாவின் ஜவுளிக் கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்த என்னைப் பிடித்தார்கள். மறுபடி அந்தக் கடைக்குள் போய் நிற்கக் கூடாது என்ற வைராக்கியத்தோடுதான் மலையேறினேன்.

நீட்டிய கை

முதலில் வந்தவர் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் கறுப்பையா. "என்ன செய்கிறது?" என்று துரை கேட்டதை நான் தமிழில் கேட்டேன். மனிதர் கையை நீட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். மறுபடி கேட்டேன், கையை இன்னும் கொஞ்சம் நீட்டினார். ஊர் வைத்தியர் நாடியைப் பிடித்து நோயைத் தானே சொல்லுவார், அதுதான் அவர் கண்ட வைத்தியம். நான் கேள்வியை ஒழுங்காகச் சொல்லவில்லை என்று துரை என்மேல் எரிந்து விழுந்தார். வெளியே வந்த கறுப்பையா என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார்: "என்ன நோவுன்னு என்கிட்டயே கேக்குறாரே, இவருக்குப் படிப்பு பத்தலீங்களோ?"

வாசல் பேச்சு

இப்படியே போனால் ஒருவரும் வரமாட்டார்கள், எனக்கும் மாமா கடைதான் கதி. அதனால் வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் சும்மா பேச்சுக் கொடுத்தேன். நான் வைத்தியன் இல்லையே, எல்லாவற்றையும் கொட்டினார்கள். உள்ளே துரை கையைப் பிடிப்பார். வாசலில் கேட்டதை நான் இங்கிலீஷில் ஓதுவேன். அவர் சோதித்துப் பார்த்துச் சொல்வதைத் தமிழில் அறிவிப்பேன். கொழுந்து பறிக்கும் மீனாட்சி அசந்துபோனாள். சற்று முன் அத்தனையும் என்னிடம் சொன்னவளே அவள்தான். ஆனால் வாசலில் பேசியது பேச்சு, உள்ளே நடந்ததுதான் வைத்தியம். "எம் புருசன்கிட்டகூட இதைச் சொல்லலீங்க, தொரைக்கு எப்படித் தெரிஞ்சிச்சு?"

பெரிய துரை வந்தார்

பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் கூட்டம் வர, தோட்டத்தை நடத்தும் பெரிய துரையே பார்க்க வந்துவிட்டார். எனக்குச் சம்பளம் கூட்டப் போகிறார் என்று நினைத்தேன், வெட்கமில்லாமல். அவர் ஆட்களை மேய்க்கும் கங்காணியிடம் விசாரித்தார். நான் டாக்டர் துரையைப் பார்த்தேன், உண்மையைச் சொல்ல மாட்டாரா என்று. அவர் தன் விரல்களையே மெச்சிப் பார்த்துக்கொண்டிருந்தார். படுபாவி, அவரும் நம்பிவிட்டார். கங்காணி பெருமையோடு சொன்னார்: "இந்தத் தம்பி எதுக்குங்க வீணா? டாக்டர் தொரைதான் கையைப் பிடிச்சாலே எல்லாஞ் சொல்லிர்றாரே."

நான் இல்லாமலே நடக்கும் என்று எல்லோரும் நம்பும் அளவுக்கு வேலை பார்த்தவன் இப்போது மாமா கடையில் துணி கிழிக்கிறேன். இங்கேயாவது வருகிறவர்கள் என்ன வேண்டும் என்று வாயைத் திறந்து சொல்கிறார்கள்.