ஒரு பங்கு முதலாளியம்மா

பங்கு விற்கிற தொழிலில் பாதி வேலை, "இது சீட்டுக் கம்பெனி இல்லைங்க" என்று சொல்வது. மீதிப் பாதி, அதை நம்ப வைப்பது. கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து தொண்டை காய்ந்தவர்களுக்கு இது புரியும். பிளஸ் டூவைப் பாதியில் விட்டுவிட்டு, மீமிசலில் ஒரு முதலீட்டு ஆப்பின் கிளையில் கணக்குத் தொடங்கிக் கொடுக்கிறேன். உள்ளூர்ப் பங்கு மட்டும் இருந்தவரை ஈ ஓட்டினோம். துபாய், மலேசியா, சிங்கப்பூர்ச் சந்தைகளையும் ஆப்பில் சேர்த்தார்கள், கடை நிறைந்துவிட்டது. வீட்டுக்கு ஒருவர் அங்கேதானே இருக்கிறார்.

ஒன்று போதுமா

சபுராக்கா ஏழு மாதக் கர்ப்பிணி. அவர் கணவர் காதருக்குத் துபாயில் ஒரு சூப்பர் மார்க்கெட் கம்பெனியின் குடோனில் வேலை. முதல் பிள்ளையை அதன் ஒன்றரை வயதில்தான் பார்த்தார். இந்தப் பிரசவத்துக்காவது வரவேண்டும் என்று லீவு கேட்டுக்கொண்டே இருக்கிறார், கொடுக்கவில்லை.

அக்கா அந்தக் கம்பெனியின் பங்கு ஒன்று கேட்டார். ஒரு பங்கு வாங்கினாலும் கம்பெனியில் நமக்கும் சொந்தம் உண்டு என்று, பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்பித்தேன். அதுதான் வினை. "அப்ப நானும் மொதலாளிதானே, லீவு கேக்கலாம்ல?" என்றார். ஒரு பங்குக்கெல்லாம் லீவு கிடைக்காது என்று மூஞ்சியில் அடித்த மாதிரி சொன்னேன். அக்கா கோபப்படவில்லை.

"சரி, எத்தனை பங்குக்குக் கெடைக்கும்? அதச் சொல்லு."

கேன்டீன் மீன்

அதே கம்பெனிப் பங்கைக் கேட்டு அரிமளத்திலிருந்து ராசு என்பவர் வந்தார். மலேசியாவில் ஓட்டல் வைத்திருந்து ஊர் திரும்பியவர். பங்கு ஏறி இறங்கிய படத்தைக் காட்டினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தத் துபாய்க் கம்பெனியில் வேலை பார்க்கிற மச்சானுக்குப் போன் போட்டு, கேன்டீனில் என்ன சோறு என்று விசாரித்தார். எங்கள் பக்கம் ஆராய்ச்சி இப்படித்தான் நடக்கும். "மீன நிறுத்திட்டானாம், வேணாம் பாப்பா" என்று எழுந்து போய்விட்டார்.

அடுத்த வாரமே பங்கு ஏறியது. விடுவேனா, கூப்பிட்டுச் சொன்னேன்.

"ஏறட்டும். வேல பாக்குறவனுக்கு மீன் போடாதவன் எனக்கா லாபம் போடப் போறான்?"

கேள்வி கேட்கலாம்

ஆண்டுக் கூட்டத்துக்குப் பங்குதாரர்கள் கேள்வி அனுப்பலாம் என்று ஆப்பில் செய்தி வந்தது. அந்த ஒரே ஒரு பங்கை வாங்கி வைத்திருந்த சபுராக்கா, எட்டு மாத வயிற்றோடு வந்து உட்கார்ந்துவிட்டார். எங்கள் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இதையெல்லாம் அனுப்பினால் மானம் போய்விடும் என்றார். போனால் போகட்டும், பங்கு அவருடையது, கேள்வியும் அவருடையது என்றேன். எனக்கு இங்கிலீஷ் சுமார்தான். 'உங்கள் குடோனில் வேலை பார்க்கும் காதரின் மனைவிக்கு அடுத்த மாதம் பிரசவம், அவரை எப்போது அனுப்புவீர்கள்?' என்று மட்டும் எழுதினேன்.

கூட்டத்தை அக்கா என் போனில்தான் பார்த்தார். லாபம், புதுக் கிளை என்று என்னென்னவோ பேசினார்கள். எங்கள் கேள்வியை யாரும் படிக்கவில்லை. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பங்கை விற்றுவிடலாமா என்று கேட்டேன்.

"ஏன் விக்கணும்? பதில் சொல்லாதது அவங்க. நான் கேட்டுட்டேன்ல."

குடோனில் ஒரு நாற்காலி

நாலைந்து நாள் கழித்துக் காதரைக் குடோன் ஆபீசுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். வேலை போகப்போகிறது என்று பயந்துகொண்டே போனாராம். அங்கே முதல்முறையாக நாற்காலி போட்டு, "உங்க வீட்டம்மா பங்குதாரராமே?" என்று கேட்டு, ஒரு மாத லீவுத் தாளை நீட்டியிருக்கிறார்கள்.

பிள்ளை பிறந்தபோது அவர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றார். பிறகு அக்காவுக்குத் தெரியாமல் பேரீச்சம்பழப் பொட்டலத்தோடு எங்கள் கடைக்கு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தங்கச்சி, அந்தப் பங்க எப்படியாச்சும் விக்கச் சொல்லும்மா. அங்க இருக்குற மொதலாளி பத்தாதுன்னு, ராத்திரி பிள்ள அழுதா இங்க ஒரு மொதலாளி உத்தரவு போடுது."

இந்தச் சந்தைகளில் லாபம் வருமா என்று என்னிடம் கேட்காதீர்கள். நான் பார்த்தவரை ஒரு பங்குக்கு ஒரு மாத லீவு வந்திருக்கிறது, மறுபடி வரும் என்பதற்கு நான் பொறுப்பில்லை.