அழுத்தித் திருப்பும் மூடி

கைவலிக்கு மருந்து கொடுத்துவிட்டு, அதை அழுத்தித் திருப்பினால்தான் திறக்கும் புட்டியில் அடைத்தும் கொடுக்கிற புண்ணியவான்கள் மருந்தாளர்களாகிய நாங்கள்தான்.

முதல் புட்டி

எங்கள் மலையூர் தானா ராத்தாவின் கிளினிக்கில், நான் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு மல்லிகா அக்கா வந்தார். தேயிலைத் தோட்டத்தில் கத்தரி பிடித்துக் கொழுந்து வெட்டுகிறவர். மூட்டுவாதம் விரல்களை மடக்கிப் போட்டிருந்தது. கத்தரி பிடிக்க முடியாவிட்டால் வேலை போய்விடும் என்று பயந்துபோயிருந்தார். டாக்டர் எழுதிய புது மாத்திரையைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் உருகி உருகிப் படித்த நொதியை அடக்கும் மாத்திரை அது! புட்டியை நீட்டினேன். மூடியோடு மல்லுக்கட்டிவிட்டுத் திருப்பித் தந்தார். எங்கள் ஊரில் வெள்ளை அங்கி போட்டவர்கள் எல்லோரும் மிஸ்ஸிதான்.

"இதத் தொறக்க முடிஞ்சா நான் எதுக்கு மிஸ்ஸி மருந்துக்கு வர்றேன்?"

கங்காணிக்கும் மருந்து

மாத்திரை என்ன செய்யும் என்று கேட்டார். விடுவேனா?

"கைனேஸ்னு ஒரு நொதி இருக்குக்கா. அது புரதத்து மேல துளியூண்டு பாஸ்பேட்ட ஒட்டும். ஒட்டுனதும், 'வளருங்க, சண்டைக்குப் போங்க'ன்னு வெள்ளை அணுக்களுக்கு உத்தரவு போகும். உங்களுக்கு அது ஓயாம போகுது. அணுவெல்லாம் உங்க மூட்டையே கடிக்குது. நொதி, வேலை வாங்குற கங்காணி மாதிரி கத்திக்கிட்டே இருக்கு, மாத்திரை வாயப் பொத்துது!"

வரிசையில் நின்ற தோட்டத்து லாரிக்காரர் எட்டிப் பார்த்தார்.

"எங்க கங்காணிக்கும் ரெண்டு மாத்திரை கட்டுங்க லா!"

காய்ச்சல்

விரல்கள் மெல்ல நீண்டன. நான் தரையில் நடக்கவில்லை. அப்போது பார்த்து அக்காவுக்குச் சளி, காய்ச்சல். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்துவிட்டன. கிருமியோடு சண்டை போடும் அணுக்கள் வளரவும் அதே உத்தரவு வேண்டுமே! டாக்டர் மாத்திரையை நிறுத்தினார். விரல்கள் மறுபடி மடங்கின, எனக்கு அழுகையே வந்துவிட்டது. காய்ச்சல் தணிந்து, ரத்தமும் சரியான பிறகு, குறைந்த அளவில் மறுபடி ஆரம்பித்தார்கள். ஏன் குறைத்தார்கள் என்று விளக்க வாயெடுத்தேன். அக்கா முந்திக்கொண்டார்.

"கங்காணி வாயையே பொத்திட்டா ஆளுங்க எப்படி வருவாங்க? கொஞ்சம் கத்தட்டும் மிஸ்ஸி."

டக்

அடுத்த முறை புதுப் புட்டியை எடுத்து, எப்போதும் அவருக்குத் திறந்து கொடுக்கும் பழக்கதோஷத்தில் நானே திறக்கப் போனேன். அக்கா வெடுக்கென்று பிடுங்கினார். அழுத்தினார். திருப்பினார். டக்! நான் போட்ட கூச்சலில் கிளினிக்கே திரும்பிப் பார்த்தது. அக்கா சிரித்தபடி மூடியை என் உள்ளங்கையில் வைத்தார்.

"இத நீங்க புடிச்சுக்குங்க மிஸ்ஸி, நான் கத்தரி புடிக்கப் போறேன்!"

நொதி அடங்கியதா என்று பார்க்க உலகத்தில் எத்தனையோ கருவிகள் இருக்கின்றன, என் ஜன்னலில் இருப்பதோ நான் இத்தனை நாள் திட்டித் தீர்த்த இந்த மூடிதான்.