அக்கா எந்த வகை

பேருந்து நிறுவனங்களுக்குப் பயண அட்டவணை போட்டுத்தரும் அந்த மென்பொருள் அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் அக்காதான், அவளைவிடப் பத்து வயது மூத்த மேலாளருக்குக்கூட. சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டுமே தெரியும்.

பதினெட்டு வருடத்துக்கு முன்னால் மூன்று மாதத் தற்காலிகத் தட்டச்சு வேலைக்கு வந்தவள். தட்டிக்கொண்டே நிரல் எழுதக் கற்றுக்கொண்டாள். அவளைப் போகச் சொல்லவும் யாருக்கும் நினைவில்லை, பதவிப்பெயர் கொடுக்கவும் நினைவில்லை.

அட்டவணை நிரல் பழைய கணினி மொழி ஒன்றில் எழுதியது. தகவல் போட்டுவைக்கும் ‘மாறி’ என்ற டப்பாவில் என்ன வகைச் சரக்கு இருக்கிறது என்று முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டாத மொழி. லேபிள் ஒட்டாத நாற்பதாயிரம் டப்பாக்கள் அடுக்கிய சமையலறை மாதிரி. அடுக்கியவர்கள் எப்போதோ போய்விட்டார்கள்.

மதிய இடைவேளைகளில் அக்கா ஒரு கருவி எழுதினாள். அது டப்பாவைத் திறக்காது. நிரலின் மற்றப் பகுதிகள் அதனிடம் என்ன கேட்கின்றன என்று மட்டும் பார்க்கும். ‘எத்தனை இருக்கை?’ என்று கேட்டால் உள்ளே இருப்பது பேருந்து. ‘உரிமம் எப்போது முடிகிறது?’ என்றால் ஓட்டுநர். ஒரே டப்பாவிடம் ஓரிடத்தில் இதையும் வேறிடத்தில் அதையும் கேட்டிருந்தால், இரண்டுக்கும் பொதுவான வகையைத் தேடி வகைகளின் வம்சாவளியில் மேலே ஏறும். உச்சிக்கே போய், ‘ஏதோ ஒன்று’ என்று கைவிரிக்கும். அப்படி வந்தால், எங்கோ கேட்கக்கூடாத கேள்வி ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். அக்கா அதைத் தேடி நீக்குவாள். வகை சரசரவென்று கீழே இறங்கி, பேருந்து என்றோ ஓட்டுநர் என்றோ நின்றுவிடும்.

கருவியைப் பற்றி அவள் யாரிடமும் சொன்னதில்லை. சந்தேகம் கேட்டவர்களுக்கு உடனே பதில் வந்தது. அக்காவுக்கு எல்லாம் மனப்பாடம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பிறகு ஒரு பெரிய நிறுவனம் அலுவலகத்தை வாங்கியது. எல்லோருக்கும் பதவிப்பெயர் வேண்டும், மாதக் கடைசியில் பட்டியல் இறுதியாகும் என்றது. ‘பொதுப்பணி’ என்று வருபவர்களுக்கு வேலை இருக்காது.

“அக்கா, போன மாசம் உங்ககிட்ட யார் யார் என்ன கேட்டாங்கன்னு எடுத்துப் பார்த்தேன்” என்றார் மேலாளர். “பிரிண்டர்ல பேப்பர் சிக்கினது, மீட்டிங் ரூம் சாவி, ஏசி ரிமோட், என் பாஸ்வேர்டு, அப்புறம் புரோகிராம்ல தப்பு. இத்தனைக்கும் பொதுவா என்ன பேர் போடறது? பொதுப்பணின்னு போட்டிருக்கேன். தற்காலிகமாத்தான்.”

தற்காலிகம் என்றால் எத்தனை வருடம் என்று அக்காவுக்குத் தெரியும். முறையிலும் குறை சொல்ல வழியில்லை. அது அவளுடைய கருவியின் முறை.

“கூப்பிட்ட குரலுக்கெல்லாம் ஓடினா வேற என்ன பேர் வரும்?” என்றார் தையற்காரரான அவள் கணவர். “குடையைக் கொண்டுவந்தா நான் தைக்கிறேனா?”

“போன வாரம் தைச்சீங்க.”

“அது மழைக்கு.”

மறுநாள் காலையிலிருந்து அக்கா கேள்விகளை நீக்க ஆரம்பித்தாள்.

“அக்கா, பிரிண்டர்...”

“எனக்குத் தெரியாதுப்பா.”

“ரூம் சாவி?”

“தெரியாதுப்பா.”

“முந்தாநாள் நீங்கதானே எடுத்துக் குடுத்தீங்க?”

“முந்தாநாள் தெரிஞ்சுது.”

மூன்றாம் நாள் கூட்டம் படிக்கட்டில் நடந்தது. மேலாளர் தன் கணினிக்குள் நுழைய முடியாமல் ஒரு நாள் முழுக்கச் செய்தித்தாள் படித்தார். மூன்று வாரத்தில் அக்காவிடம் புரோகிராமைத் தவிர எதையும் யாரும் கேட்பதில்லை என்றாகிவிட்டது.

கடைசி வாரம் புதிய நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் வந்தார். பொதுக் கோப்புகளைத் துழாவியவர் அக்காவின் கருவியில் வந்து நின்றார். “பிரமாதமா இருக்கே, யார் எழுதினது?”

மேலாளர் திரும்பினார். “அக்கா, இந்தக் கருவி...”

“எனக்குத் தெரியாதுங்க” என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சொன்ன பிறகுதான் கேள்வி காதில் ஏறியது. திருத்திச் சொல்லியிருக்கலாம். ஆனால் மேலாளர் கையில் பட்டியல் இருந்தது. ஒன்று தெரியும் என்றால் பிரிண்டரும் தெரியும் என்றாகிவிடும்.

“பழைய ஆளுங்க யாராவது விட்டுட்டுப் போயிருப்பாங்க சார்” என்றார் மேலாளர்.

மாதக் கடைசியில் கடிதம் வந்தது. பதவி: முதுநிலை நிரலாளர். முதல் பணி: எழுதியவர் யாரென்று தெரியாத கருவியைப் படித்துப் புரிந்துகொள்ளுதல். காலம்: ஆறு வாரம்.

கணவர் இரண்டு தடவை படித்தார். “ஆறு வாரம் போதுமா?”

“கஷ்டந்தான்” என்றாள் அக்கா. “எழுதினவங்க ஒரு குறிப்புகூட வைக்கல.”