சாயங்காலம் திரும்பி வருகிறவர்கள்

வைதேகி மேடத்தின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தபோது நான் கூட்டத்தில் இருந்தேன். புறநகர்க் கிராமங்கள் சிலவற்றை மாநகராட்சியோடு சேர்ப்பது பற்றிய கூட்டம். கட் செய்தேன். உடனே மறுபடி அடித்தது. அவர் அப்படி விடாமல் கூப்பிடுகிறவர் இல்லை. கோபம் வந்தால் நேரில் வந்து நிற்பார். வெளியே போய் எடுத்தேன். அவர் கணவர் பேசினார்.

"வைதேகி ஆசார்யன் திருவடி அடைஞ்சுட்டாப்பா. காலம்பற காபி குடிச்சா, அப்படியே சாஞ்சா, அவ்வளவுதான். ஆபீஸ்ல எல்லார்ட்டயும் நீயே சொல்லிடு."

சொன்னேன். அதன் பிறகு கூட்டத்துக்குள் திரும்பிப் போக முடியவில்லை.

இந்த அஞ்சலியைப் படிக்கிற உங்களில் பலர் அவரோடு வேலை பார்த்தவர்கள். பாதிப் பேராவது அவரிடம் திட்டு வாங்கியிருப்பீர்கள். எனவே நல்லவர், அன்பானவர் என்று பொதுவாக எழுதி உங்கள் நேரத்தை வீணாக்கப் போவதில்லை.

திருச்சி புத்தூரில் எங்கள் நகரத் திட்டமிடல் நிறுவனத்தில் நான் சேர்ந்த புதிது. செயற்கைக்கோள் படத்தை வைத்து, திருச்சி நகரம் எங்கே முடிகிறது என்று ஒரு வரைபடம் போட்டிருந்தேன். எடமலைப்பட்டி புதூரைத் தாண்டி, மதுரை ரோட்டில் கட்டடங்களின் நெருக்கம் குறைகிற இடத்தில் சிவப்புக் கோடு. சுத்தமான வேலை. எங்கள் பிரிவுக்குத் தலைவரான வைதேகி மேடம் அதை வெகுநேரம் பார்த்தார்.

"நான் ஸ்ரீரங்கத்துல பொறந்தவ. இன்னிக்கும் எங்க தெருவுல பாலம் தாண்டினா 'திருச்சிக்குப் போயிட்டு வரேன்'னுதான் சொல்லுவா. மாநகராட்சி எங்களச் சேத்துடுத்து. நாங்க இன்னும் சேரலை."

"பேச்சை வச்சு மேப் போட முடியாதுங்க மேடம்."

"முடியாதுதான். உன் கோடு சரி. ஆனா கோடு போட்டதும் ஊர் கேட்டுடும்னு நினைச்சுடாதே."

நான் அந்தக் கோட்டை மாற்றவில்லை. அவரும் மாற்றச் சொல்லவில்லை.

பிறகு கொள்ளிடக் கரையோர ஊர்களின் பஸ் வழித்தடங்கள் பற்றி அறிக்கை கொடுக்கும் வேலை வந்தது. ஒவ்வொரு ஊருக்குள்ளும் நுழைந்து வளைந்து வருகிற பஸ்களால் எல்லோருக்கும் தாமதம். பஸ் மெயின் ரோட்டிலேயே ஓடட்டும், ஊர்க்காரர்கள் அங்கே வந்து ஏறட்டும், மிச்சமாகிற நேரத்தில் கூடுதல் தடவை பஸ் விடலாம் என்பது மேடத்தின் யோசனை. காலை நேரத்தில் ஊர் ஊராக நின்று ஜனங்களைக் கேட்டோம். பூக்கூடையோடு சந்தைக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், படிக்கப் போகிறவர்கள் எல்லோரும் சரி என்றார்கள். கணக்கை நான் சரிபார்த்தேன். பிழை இல்லை. திட்டம் நடைமுறைக்கு வந்தது.

அடுத்த வருடம் ஒரு நாள் என் மேசைக்கு வந்தார். "வா, அந்த ஊரெல்லாம் எப்படி இருக்குன்னு பாத்துட்டு வரலாம்."

"எதுக்கு மேடம்? ரிப்போர்ட் குடுத்தாச்சு. இருக்கற வேலையே தலைக்கு மேல கிடக்கு."

"கோடு போடறது நமக்கு ஒரு நாள் வேலை. அதுல நடக்கறது அவங்களுக்கு தினம். நீ வரியா, நான் மட்டும் போகட்டுமா?"

போனோம். முதல் ஊருக்கான நிறுத்தத்தில் இறங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அங்கிருந்து ஊருக்கு வாழைத்தோப்புகளுக்கு நடுவே பாதை. விளக்கு கிடையாது. ஊர் டீக்கடையில் நாங்கள் யார் என்று கேட்டார்கள். "உங்க பஸ்ஸை மெயின் ரோட்டுக்கு மாத்தச் சொன்னது நான்தாங்க" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அரசாங்கம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம்.

பூ கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா தலை நிமிர்ந்தார். "நீங்கதானா அந்தப் புண்ணியவதி? எம்பொண்ணு புத்தூர்ல நர்சிங் படிச்சிக்கிட்டிருந்தா. இந்த இருட்டுல தோப்பு வழியா எப்படி வருவா? படிச்சது போதும்னுட்டாரு அவங்கப்பா. இந்தா, என்கூட பூக் கட்டுறா."

அந்தப் பெண் எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"தப்பு என்னுதுங்க" என்றார் மேடம். "காலைல போறவங்களைத்தான் கேட்டேன். சாயங்காலம் திரும்பி வர்றவங்களைக் கேக்கலை."

"தப்புன்னு சொன்னா பஸ் வந்துருமா?" என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்.

"வராது. இனிமேதான் அலையணும்."

அலைந்தார். தன் அறிக்கை தவறு என்று தானே எழுதிக் கொடுத்தார். "நம்ம ரிப்போர்ட்டை நாமளே தப்புன்னா அடுத்த வேலை எவன் குடுப்பான்?" என்று முதலாளி கத்தியது அறைக்கு வெளியே எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "அப்ப என்னை மாத்திடுங்கோ, சார்" என்று அவர் சொன்னதும் கேட்டது. பிரிவுத் தலைமை அவர் கையைவிட்டுப் போனது இப்படித்தான். உடல்நிலை காரணம் என்று உங்களில் சிலருக்குச் சொல்லப்பட்டிருக்கும். அது பொய்.

அந்த ஓர் ஊருக்குள் மட்டும் மாலை பஸ் மறுபடி வந்தது. ஆனால் அதற்குள் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. பத்திரிகை வைத்தார்கள், நாங்கள் இருவரும் போனோம். திரும்பும்போது அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். "அவ தங்கச்சி இப்ப காலேஜுக்கு இந்த பஸ்லதான் போறாளாம், மேடம்" என்றேன்.

"அது வேற பொண்ணுப்பா" என்றார்.

ஒரு வட்டாரம் எப்படி வளர்கிறது என்பதற்கு என்னிடம் நிறைய வரைபடங்கள் உண்டு. பூவும் வாழையும் ஆட்களும் நகரத்துக்குள் போகிற வழியையெல்லாம் அம்புக்குறி போட்டுக் காட்டுவேன். அவற்றில் எதற்கும் இந்த வாக்கியத்துக்குப் பதில் சொல்லத் தெரியாது.

அந்த அறிக்கையின் மற்ற ஊர்களுக்கும் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் வேலை வேலை என்று தள்ளினேன். கடைசி வருடங்களில் மூட்டுவலியால் அவரும் தனியாகப் போகும் நிலையில் இல்லை. அவருடைய பேனாவோ புத்தகமோ என்னிடம் இல்லை. கேட்கவும் இல்லை. போகாமல் விட்ட ஊர்கள்தான் அவர் எனக்கு விட்டுப்போனவை.

காரியங்கள் முடிந்த வாரம், ஒரு மாலை, அடுத்த ஊர் நிறுத்தத்தில் இறங்கினேன். எனக்கு முன்னால் பள்ளிச் சீருடையில் சில பெண்கள் செல்போன் வெளிச்சத்தில் நடந்தார்கள். அவர்கள் வேகத்துக்கே நானும் நடந்தேன். ஊர் முகப்பில் ஒரு கடை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள்.

"உங்க பஸ்ஸை மெயின் ரோட்டுக்கு மாத்தினது நாங்கதாங்க" என்றேன்.

ஒருவர் நகர்ந்து இடம் விட்டார். "உக்காருங்க தம்பி. கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டியிருக்கு."

உட்கார்ந்தேன்.